வாளியில் இருந்த சத்தம்

சாவை நேருக்கு நேர் பார்த்து, தொப்பியைக் கழற்றி, அதற்கு மரியாதை செய்யத் தெரிந்த கடைசி மனிதன் வேட்டைக்காரன்தான். ஓட்மார் பிரெண்டலின் வாழ்க்கைக் கொள்கை இது. சேமிப்பு வங்கியில் கிளைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற அன்று மேடையில் சொன்னார். பல் மருத்துவரிடம், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே சொன்னார். தபால் கொண்டுவரும் பெண்ணிடம் சொன்னார். அவள் கையெழுத்து வாங்காமலே போய்விட்டாள். அதுவரை அவர் நேருக்கு நேர் பார்த்திருந்த சாவு எலிப்பொறியில் மாட்டிய ஒரு சுண்டெலியுடையது மட்டும்தான். அந்தப் பொறியை எடுத்துப் போடவும் அவர் மனைவி ஹெட்விக்தான் வரவேண்டியிருந்தது.

இப்போது எடுத்துப் போட ஹெட்விக் இல்லை. வீட்டின் நிலவறையில், பளபளக்கும் தகடு அடித்த குளிர் அறையில், ஒரு பெண்மான் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்மார் அதன் தொடையில் வெப்பமானியின் ஊசியைச் செருகி, எண் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தொன்பது.

அறையின் குளிர் நான்கு டிகிரி. மானைக் கொண்டுவந்து தொங்கவிட்டது காலையில், பனிமூட்டம் விலகுவதற்கு முன்பு. இப்போது வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நவம்பரில் அந்த மலைப்பக்கம் பகல் என்பது ஒரு சம்பிரதாயம்தான். இவ்வளவு நேரத்தில் ஒரு காளை மாடே ஆறிப்போயிருக்கும். அவர் ஊசியை உருவித் துணியில் துடைத்து, மறு தொடையில் செருகினார். முப்பத்தொன்பது. தன் கையிடுக்கில் வைத்துப் பார்த்தார். அவருக்கு முப்பத்தாறு கூட இல்லை. ஊசியைத் திரும்ப மானின் தொடையிலேயே செருகி வைத்தார்.

"கருவி பழுது" என்று உரக்கச் சொன்னார். அந்த வீட்டில் உரக்கச் சொல்வது அவருக்குப் பழகிவிட்டது. மறுத்துப் பேச ஆளில்லை என்பதால் சொன்னதெல்லாம் தீர்ப்பாகிவிடும்.

வேட்டை அனுமதி வாங்குவதற்கான பரீட்சையில் அவர் அறுபத்திரண்டு வயதில் தேறினார். அதற்கு மேல் ஒரு சனிக்கிழமை, தீயணைப்பு நிலைய மண்டபத்தில், இறைச்சியைப் பரிசோதிக்கும் பயிற்சி. நடுவில் உருளைக்கிழங்கு சூப். மாலையில் சான்றிதழ். வேட்டையாடிய விலங்கு சாப்பிடத் தகுந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் தகுதி பெற்றவரைச் சட்டம் 'அறிந்தவர்' என்று அழைக்கிறது. சட்டம் அழைத்ததும் ஓட்மார் திரும்பிப் பார்த்தார். வாசற்கதவில் பெயர்ப்பலகையை மாற்றினார்: ஓட்மார் பிரெண்டல், அறிந்தவர்.

ஊர் வேட்டைக்குழுவில் சேர்ந்து ஆறு குளிர்காலம் ஆகிறது. அந்த ஆறிலும் அவர் எதையும் சுட்டதில்லை. கூடத்துச் சுவரில் வரிசையாக இருக்கும் கொம்புகள் பழைய சாமான் சந்தையில் வாங்கியவை. ஒன்றின் பின்னால் விலைச் சீட்டு இன்னும் இருக்கிறது. ஆனால் வேட்டைமொழியில் அவரை அசைக்க ஆளில்லை. வேட்டைக்காரர்களுக்கென்று பரம்பரையாக ஒரு மொழி உண்டு. அதில் மானுக்கு ரத்தம் கிடையாது, வியர்வைதான். இதயம், நுரையீரல், ஈரல் மூன்றையும் சேர்த்து எடுத்து வைத்தால் அதற்குப் பெயர் 'சத்தம்'. ஏன் சத்தம்? யாருக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து வேட்டையாடுபவர்கள் ரத்தத்தை ரத்தம் என்றே சொல்லிவிட்டுப் போவார்கள். ஓட்மார் விடமாட்டார். சாதாரணச் சொல்லை வாய் தவறிச் சொன்னவர், மற்ற எல்லோருக்கும் ஒரு சுற்று சாராயம் வாங்கித் தரவேண்டும் என்பது பழைய விளையாட்டு. அதை விளையாட்டாக இல்லாமல் செய்தவர் அவர்தான்.

அதனால் அவரை எல்லோருக்கும் தெரியும். யாரும் வீட்டுக்கு வந்ததில்லை.

நாளை ஹூபர்ட்டுஸ் விருந்து. வேட்டைக்காரர்களின் புனிதரை முன்னிட்டு ஊர் விடுதியில் வருடா வருடம் நடப்பது. விடுதி நடத்தும் குனோ, போன மாதக் கூட்டத்தில், பீர் நுரையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "இந்த வருசம் மான்கறி டைரக்டர் கொண்டு வருவாரு!" டைரக்டர் என்பது வங்கிப் பதவியை வைத்து ஓட்மாருக்கு அவர்கள் சூட்டிய பட்டப்பெயர். எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஓட்மாரும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் பெரிய வாணலி ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார்.

வாணலி வந்துவிட்டது. மான்தான் வரவில்லை. இன்று காலைவரை.

காலையில் காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். காட்டுச் சாலையில் ஏதோ ஒரு வண்டி மானை அடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது, குழுத் தலைவி போனை எடுக்கவில்லை, நீங்கள் பக்கத்தில்தானே, போய் அதற்கு ஒரு முடிவு கட்டுங்கள். ஓட்மார் பச்சைக் கோட்டு, இறகு வைத்த தொப்பி எல்லாம் அணிந்துகொண்டு போனார். பள்ளத்தின் ஓரம், வாடிய பெரணிகளுக்கு நடுவில், அது நின்றது. பின்னங்கால் ஒன்று முழங்காலுக்குக் கீழே ஒடிந்து, துணி பொம்மையின் கால் மாதிரி தொங்கியது. வாயிலிருந்து வெள்ளை ஆவி. ஓடவில்லை. ஓட முயலவும் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர் வரும் பேருந்தைப் பார்ப்பதுபோல, இதுதான் நம்முடையதா என்று யோசிப்பதுபோல, அவரைப் பார்த்தது.

சூப்புக்கு முன்பே, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: மனிதனைக் கண்டு பயப்படாத மானைச் சாப்பிடாதே.

அவர் துப்பாக்கியைத் தூக்கினார். முனை பெரணியைக் காட்டியது, பிறகு மேகத்தைக் காட்டியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்கே தெரியாது. கடைசியில் அந்த மான், அவர் மேல் இரக்கப்பட்டதுபோல, தானாகவே மடங்கிப் படுத்து, கழுத்தை நீட்டி வைத்துக்கொண்டது. விதிப்படி ஒரு குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். இமைக்கவில்லை. செத்துவிட்டது என்று அறிந்தவர் தீர்மானித்தார்.

அதற்குப் பிறகு சுட்டார். ஒரு ஓட்டை வேண்டுமே. வண்டியில் அடிபட்ட மானை விருந்துக்கு எடுத்துப்போக முடியாது; சட்டமும் விடாது, குனோவும் விடமாட்டான். ஓட்டையைச் சுற்றி ரோமம் சிவந்து நனைந்தது. செத்த உடம்பில் குண்டு விழுந்தால் அப்படி ஊறாது என்று எங்கோ படித்திருந்தார். ஆனால் பார்க்க நம்பும்படி இருந்தது. அதில் வந்த சந்தோஷத்தின் அடியில் வேறு ஏதோ ஒன்று அசைந்தது. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை.

குளிர் அறையில் இப்போது அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னங்கால் ஒடிந்திருந்ததால் மானைத் தாடையில் கொக்கி மாட்டித் தொங்கவிட்டிருந்தார். அதனால் அது நிற்பதுபோல இருந்தது. முகம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. உடம்பு வயிற்றிலிருந்து கழுத்துவரை திறந்து கிடந்தது. உள்ளே விலாவெலும்புகள், கவிழ்த்துப்போட்ட படகின் உட்புறம் மாதிரி, சுத்தமாக, வெளிர் சிவப்பாக. கட்டி இல்லை. பச்சை பாரிக்கவில்லை. ஒடிந்த காலுக்கு மேலே தசையில் கொஞ்சம் கருஞ்சிவப்பு, அவ்வளவுதான். அதை வெட்டி எறிந்துவிடலாம். குனிந்து மோந்து பார்த்தார். கெட்ட வாடை இல்லை. குடல் வாடை கூட இல்லை. ஈர வைக்கோல், லேசான பால், அதற்கும் அடியில், தூங்கி எழுந்த மனிதத் தலைமுடியின் கதகதப்பான வாசனை. அந்த வாசனையை அவர் இந்த வீட்டில் முகர்ந்து வருடங்கள் ஆகியிருந்தன. மூக்கை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

விறைப்புதான் ஏறவில்லை. முன்னங்காலைப் பிடித்து மடக்கினால் மடங்கியது. விட்டால் மெதுவாக நீண்டது. தானாக.

அப்போதுதான் அந்த ஒலியைக் கவனித்தார். கவனித்தபோது, அது நெடுநேரமாகவே இருந்திருக்கிறது என்பதும் புரிந்தது. தொலைவில் யாரோ ஈரத்துணியைக் கல்லில் மெதுவாக அடிப்பதுபோல. மந்தமாக, சீராக, சிரத்தையாக. குளிர் இயந்திரத்தின் ரீங்காரத்துக்குள் புகுந்து, அதோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. மோட்டார் பழுது என்று நினைத்தார். சுவரில் இருந்த விசையை அணைத்தார். ரீங்காரம் இறங்கி, முனகி, நின்றது. குழாய்கள் ஒன்றிரண்டு முறை சொடுக்கின. பிறகு அமைதி, தகடு அடித்த அறைகளுக்கே உரிய அமைதி. அதில் காது தன்னைத்தானே கேட்கும்.

அந்த ஒலி நிற்கவில்லை.

மூலையில், வடிகால் பக்கம், மூடி போட்ட வெள்ளை பிளாஸ்டிக் வாளி இருந்தது. காலையில் மானைத் திறந்தபோது இதயத்தையும் நுரையீரலையும் ஈரலையும் ஒன்றாக எடுத்து அதில்தான் வைத்திருந்தார். மூடியின் நடுப்பகுதி மெல்ல எழுந்து தாழ்ந்தது. எழுந்து தாழ்ந்தது.

ஓட்மார் மாடிப்படி ஏறினார். ஓடவில்லை; வேட்டைக்காரன் ஓடமாட்டான். ஆனால் ஒரு காலணி நிலவறையிலேயே தங்கிவிட்டது.

கூடத்தில் எல்லா விளக்குகளையும் போட்டார். கொம்புகளின் நிழல் கூரையில் ஏறி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. தொலைபேசியை எடுத்து வில்ட்ரூட்டை அழைத்தார். வில்ட்ரூட் குழுத் தலைவி. ஊரில் இறைச்சிக் கடை வைத்திருப்பவர். முன்கை ஒவ்வொன்றும் ஓட்மாரின் கால் தடிமன்.

"யாரு, டைரக்டரா? என்ன, வீடு தீப்பிடிச்சிருச்சா?" பின்னால் கண்ணாடிக் கோப்பைகளின் கலகலப்பு. விடுதியில் இருந்து பேசினார்.

"வேட்டை வாழ்க, வில்ட்ரூட்."

"ஐயோ, ஆரம்பிச்சுட்டாரு. வாழ்க, வாழ்க. சொல்லுங்க."

"இங்க ஒரு பெண்மான் தொங்குது. என் குளிர் அறையில. நான்தான்... நானேதான்."

வில்ட்ரூட் போனைக் கையால் மூடிக்கொண்டார்: "டேய் குனோ, டைரக்டர் சுட்டுட்டாராம்டா."

"யார?" என்றது குனோவின் குரல். சிரிப்பு வெடித்தது.

"சரி, சரி. இப்ப எதுக்கு போனு? பாராட்டு விழா வைக்கணுமா?"

"சத்தம் விஷயமா, வில்ட்ரூட்."

"ஏன், சத்தத்துல ஏதாவது கோளாறா? கட்டி, புழு, வெள்ளப்புள்ளி?"

"அதெல்லாம் இல்ல. சுத்தமா இருக்கு. ஆனா... வாளியில சத்தம் இருக்கு."

"வாளியில இல்லாம? சோபாவுலயா உக்கார வச்சிருப்பாங்க?"

"அப்படி இல்லங்க. சத்தம் கேக்குது."

"யாரு கேக்குறா? யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. சுட்டவருக்குத்தான் சத்தம், அது அவரோட உரிமை. நீங்கதான் எங்களுக்கே பாடம் எடுத்தீங்க! வெங்காயம் நறுக்கி, வெண்ணெயில போட்டு வதக்கி, நீங்களே சாப்பிடுங்க."

ஓட்மார் கண்ணை மூடிக்கொண்டார். காலணி இல்லாத காலின் உறை வழியாகத் தரையின் குளிர் ஏறியது. அதோடு வேறொன்றும் ஏறியது. தரைக்கு அடியிலிருந்து, பாதத்தில், மந்தமாக, சீராக.

"வில்ட்ரூட், தயவுசெஞ்சு கேளுங்க." குரலைத் தாழ்த்தினார். "அதோட இதயம் இருக்குல்ல, இதயம்..."

"ஆ! புடிச்சேன்!" வில்ட்ரூட்டின் கூச்சலில் போன் அதிர்ந்தது. "எல்லாரும் கேட்டீங்களா? இதயமாம்! டைரக்டர் வாயிலயே இதயம்! ஆறு வருசமா காத்திருந்தேன்யா இதுக்கு! ஒரு சுத்து, டைரக்டர் கணக்குல!" மேசைகள் இடிபட்டன. யாரோ கொம்பு எடுத்து ஊதினார்கள். கண்ணில் நீர் வரச் சிரித்து ஓய்ந்த பிறகு, கொஞ்சம் இளகிய குரலில் சொன்னார்: "சரி வைங்க. நாங்க எப்படியும் இன்னும் கொஞ்ச நேரத்துல உங்க வீட்டுப் பக்கம் வர்றோம். வீட்டுலதான இருப்பீங்க?"

"இருப்பேன்."

"ம். நீங்க எங்க போகப்போறீங்க."

வில்ட்ரூட் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

போனை வைத்த பிறகு ஓட்மார் கூடத்தில் நின்றார். வருகிறார்கள். இந்த வீட்டுக்கு. ஹெட்விக் போன பிறகு மீட்டர் பார்ப்பவனைத் தவிர யாரும் உட்காராத நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கறியை வாங்கிப்போகத்தான் வருகிறார்கள். வேறு எதற்கு வருவார்கள்? வில்ட்ரூட் மானைச் சுற்றி ஒருமுறை நடப்பார், ஓட்டையில் விரலை விட்டுப் பார்ப்பார், சரி டைரக்டர் என்பார். நாளை மேசையின் ஓரத்தில் அல்ல, நடுவில் உட்காரச் சொல்வார்கள். சொல்லாவிட்டாலும் அவர் நடுவில் உட்காருவார். யாரும் எழுந்து இடம் மாறமாட்டார்கள்.

இல்லையென்றால் அந்த வாளியைத் திறந்து காட்டலாம். காட்டினால் சாலை, பெரணி, செத்ததைச் சுட்ட குண்டு எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஊர் இருக்கும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவர் யோசித்தார். வங்கியில் கடன் விண்ணப்பங்களை யோசித்ததுபோல யோசித்தார். சட்டம் கேட்பது என்ன? நிறம் சரி. வாடை சரி. கட்டி இல்லை. வெட்டி எடுத்த இதயம் துடிக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. பயிற்சியில் யாரும் கேட்கவும் இல்லை. ஆகவே எஞ்சியிருப்பது ஒரே பரிசோதனை. சுட்டவனின் உரிமை. தின்று பார்ப்பது.

கீழே போனார். விளக்கைப் போடும்போது கை சுவரில் தடவி அலைந்தது. மான் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. கொக்கியில் தொங்குபவை சுழலும், அது இயல்பு. காது இரண்டும் முன்னால் மடிந்திருந்தன. அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. குனிந்து மூடியைத் திறந்தார். நுரையீரல் வற்றிக் கிடந்தது. ஈரல் கருத்து, மினுங்கி, அசையாமல். அவற்றின் மேல், குழந்தையின் கைமுஷ்டி அளவில், அது. சுருங்கியது. விரிந்தது. விரியும்போது அறுபட்ட குழாயின் வாய் திறந்து மூடியது, ஏதோ சொல்ல வந்து விட்டுவிடுவதுபோல. கையில் எடுத்தார். சூடு. இரண்டு கையாலும் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. படியேறும்போது, எவருடைய கையையாவது இவ்வளவு நேரம் பிடித்திருந்தோமா என்ற நினைவு வந்தது. அடக்கினார்.

வெங்காயம் நறுக்கினார். கண் எரிந்தது. வெண்ணெய் உருகி நுரைத்தது. விதிப்படி இதயத்தை நீளவாக்கில் பிளந்து, கழுவி, துண்டு போட்டார். ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகத் துடித்தது. ஆனால் ஒரே தாளத்தில். பெரிய வாணலியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுப்பருகே நின்றார். உள்ளே, கொதிக்கும் வெண்ணெயில், மெல்லிய தட்டல். கதவுக்கு வெளியே நிற்கும் நாகரிகமானவர் தட்டுவதுபோல. பழுப்பேறிய பிறகும் தட்டியது.

தட்டில் போட்டு, உப்பு தூவி, கழுத்தில் துணி கட்டி, ஆறு பேர் மேசையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்தார். முதல் துண்டை மெல்லாமல் விழுங்கினார். இரண்டாவதை மென்றார்.

நன்றாக இருந்தது. மிக மிக நன்றாக இருந்தது. இளங்கொட்டையும் ஓடைநீரும் மாதிரி ஒரு ருசி. தட்டைத் துடைத்துத் தின்றார். கடைசித் துண்டு இறங்கியதும் வீடு முழுவதும் அந்த ஒலி நின்றது.

"உண்ணத் தகுந்தது" என்று காலி நாற்காலிகளிடம் அறிவித்தார்.

சிரிப்பு வந்தது. புதிய சட்டை மாட்டி, தலையை ஈரம் தொட்டு வாரிக்கொண்டார். சாராயப் புட்டியும் குட்டிக் கோப்பைகளும் எடுத்து வைத்தார். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நிலவறைக்கு இறங்கினார். இம்முறை விளக்குப் போடவில்லை. போட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் தெரிந்தது. சாம்பல் நிறத்தில், கூர்மையாக, மூலையில் இருந்த சிலந்தியின் கால்வரை.

மான் மாறியிருந்தது. கண்ணில் பால் படர்ந்திருந்தது. முன்னங்காலைத் தொட்டார், கட்டை. வெப்பமானி இன்னும் தொடையில் குத்தியபடி இருந்தது, எண் விழுந்துகொண்டிருந்தது: இருபது, பதினெட்டு. இப்போதுதான் செத்திருக்கிறது. அதன் முகத்தில் நெடுநேரம் வரிசையில் நின்றவர் தன் வேலை முடிந்து வெளியே போகும் ஆறுதல்.

ஓட்மாருக்கு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். அவர் மூச்சை இழுத்தார்.

இரும்பு வாடை. கோட்டில் துப்பாக்கி எண்ணெய் வாடை. சோப்பு. தன் சொந்த வாடை. மனித வாடை. மயிர்க்கால்கள் சிலிர்த்தன.

தொலைவில் ஒரு வண்டி திரும்பியது. தேவாலயத்துக்கு அப்பால், மூன்றாவது வளைவில். அவ்வளவு தூரத்து ஒலி வீட்டுக்கு எட்டாது. எட்டியது. பின்னால் இன்னொரு வண்டி. முன் வண்டியில் ஒரு நாய் மூச்சிரைத்தது. வில்ட்ரூட்டின் நாய், ஆஸ்டா. அடிபட்டு ஓடிய மானை வாசம் பிடித்துத் தேடித்தரும் நாய். ஓட்மார் அதற்குப் பிஸ்கட் கொடுத்திருக்கிறார்.

வருகிறார்கள். மேலே போய்க் கதவைத் திறக்க வேண்டும்.

கால் அசையவில்லை.

நெஞ்சில் இரண்டு துடிப்பு. ஒன்று அவருடையது, மந்தமானது, களைத்தது. மற்றது வேகம். மிக வேகம். அவருடையது பின்தங்கியது. எட்டிப் பிடிக்கப் பார்த்தது. பிறகு ஒன்று மட்டும் இருந்தது. அது அவருடையது இல்லை.

சுவரின் உச்சியில் இருந்த சின்னச் சன்னலில் வெளிச்சம் பாய்ந்து, தகட்டில் வழுக்கி, அணைந்தது. வண்டிக் கதவுகள். சரளைக் கல்லில் காலடிகள். ஒவ்வொருவர் நெஞ்சும் தனித்தனியாகக் கேட்டது. அழைப்பு மணி அடித்தது. ஆறு வருடமாக அவர் காத்திருந்த மணி. உடம்பு முழுவதும் ஓடு என்றது. ஓட இடமில்லை. அவர் மூலைக்குப் பின்வாங்கினார். நின்றார். அசையாமல். அசையாமல் இருந்தால் தெரியாது.

"டைரக்டர்!" குனோவின் குரல். "வண்டி நிக்குது, வெளக்கெல்லாம் எரியுது. ஆளக் காணோம்."

"இன்னொரு தடவ அடி."

"அவரு கறிய எடுத்து நீட்டுனா என்னக்கா சொல்றது?"

"விருந்துக்குப் பன்னிக்கறி போதும், புதன்கிழமையே சொல்லியாச்சுன்னு நான் பக்குவமா சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத." வில்ட்ரூட்டின் குரல் நின்றது. "ஆஸ்டா? அங்க என்ன? ஏய், இங்க வா!"

நாய் போகவில்லை. சன்னலுக்கு வந்துவிட்டது. கண்ணாடியில் மூக்கு. ஆவி வட்டம். அது குரைக்கவில்லை. தேடியது கிடைத்துவிட்டால் ஆஸ்டா குரைக்காது. ஒரு முன்னங்காலை மடக்கித் தூக்கி, நேராக அவரைப் பார்த்தது.

கைவிளக்கு ஒன்று சன்னலுக்குத் தாழ்ந்தது. ஒளி கொக்கியில் தொங்கியதைத் தொட்டது. தாண்டியது. தரையில் கிடந்த காலணி. வாளி. பிறகு மூலை.

ஒளி அங்கேயே நின்றது.

நான் இங்கே இருக்கிறேன், உள்ளே வாருங்கள், சாராயம் எடுத்து வைத்திருக்கிறேன். அவர் சொல்ல வாயைத் திறந்தார். வறண்ட, கட்டையான ஒரு கனைப்பு வந்தது. காட்டோரம் இருட்டில் கேட்கும் கனைப்பு.

வெளியே யாரும் சிரிக்கவில்லை.

"யாரும் அசையாதீங்க" என்றார் வில்ட்ரூட், மிக மெதுவாக, தன் ஆட்களிடம். "குனோ. வண்டியில இருந்து என் துப்பாக்கிய எடுத்துட்டு வா."

ஓட்மாரின் பெரிய, ஈரமான, இமைக்காத கண்கள் அந்த ஒளியையே பார்த்தன. அதை விட்டு விலக வேண்டும் என்று தெரிந்தது. விலக முடியவில்லை. வலது கால், முழங்காலுக்குக் கீழே, மெல்லக் குழைந்து தொங்கியது.

நாளைய விருந்துக்கு விடுதியில் நாற்காலி குறைந்தது. அவருடையதை இரவல் கேட்டு வந்திருந்தார்கள்.